செப்டம்பருக்கு முன்பே வந்து சேருங்கள்

பள்ளி வயதுக் குழந்தையோடு ஒன்டாரியோவில் குடியேறுவோருக்கு

கனடா பி.ஆர். உறுதியானதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் பார்ப்பது விமான டிக்கெட் விலையைத்தான். அடுத்து அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுப்பது, வாடகை வீட்டைக் காலி செய்வது, வண்டியை விற்பது. குழந்தையின் பள்ளி கடைசியில் வருகிறது. “சின்னப் பிள்ளைதானே, எங்கே விட்டாலும் ஒட்டிக்கொள்ளும்” என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்லிவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. குழந்தையின் பள்ளி ஆண்டை முதலில் எழுதி வையுங்கள். மற்றத் தேதிகளை அதற்கு ஏற்ப வையுங்கள். டொரொன்டோவுக்கும் அதையொட்டிய ஊர்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கல்வியும் மருத்துவமும் மாகாண அரசின் கையில் இருப்பதால் வான்கூவருக்கோ கால்கரிக்கோ போகிறவர்களுக்கு விதிகள் வேறாக இருக்கும்.

எப்போது கிளம்புவது

ஒன்டாரியோவில் செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம். வழக்கமாக அதற்கு மறுநாள் பள்ளி திறக்கும். ஜூன் கடைசியில் மூடும். தமிழ்நாட்டில் ஏப்ரலோடு தேர்வுகள் முடிந்துவிடுகின்றன. ஆகவே ஆண்டுத் தேர்வை எழுத வைத்து, டி.சி. வாங்கி, மே மாதத்தைத் தாத்தா பாட்டி வீட்டில் கழிக்க விட்டு, ஜூலையில் விமானம் ஏறுவதுதான் குழந்தைக்கு நல்லது. தூக்கம் சரியாக வேண்டும். வந்த புதிதில் பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு பசிக்கிறது என்பார்கள். பக்கத்துப் பூங்கா, நூலகம், பள்ளிக்குப் போகும் தெரு எல்லாம் பழக வேண்டும். இதற்கெல்லாம் கோடை விடுமுறை இடம் தருகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. செப்டம்பர் முதல் நாளில் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர் புதியவர், அறை புதியது. அன்றைக்கு உங்கள் பிள்ளை தனியாகத் தெரியாது. ஜனவரியில் போய்ச் சேரும் பிள்ளை, ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்ட இருபது பேருக்கு நடுவில் நிற்கும். வெளியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விளையாடப் போய் யாரையும் சந்திக்கவும் வழியிருக்காது.

இதற்குத் தடையாக வருவது சி.ஓ.பி.ஆர். எனப்படும் உறுதிச் சான்றின் கெடு. பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை செய்த நாளிலிருந்து ஓராண்டை ஒட்டி அது அமையும். பாஸ்போர்ட் அதற்குள் காலாவதியானால் அந்தத் தேதியோடு முடிந்துவிடும். இந்தியாவில் குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் தரப்படுகிறது. அப்பா அம்மாவின் பாஸ்போர்ட் நன்றாக இருந்தும், குழந்தையுடையது முடியப் போகிறது என்பதால் அவசரமாக டிசம்பரில் பறந்து வரும் குடும்பங்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

“முதலில் நான் போய் வேலை தேடிக்கொள்கிறேன், பிறகு நீங்கள் வாருங்கள்” என்று ஒருவர் முன்னே வருவதும் வழக்கம். முதன்மை விண்ணப்பதாரர் முன்னதாகவோ குடும்பத்தோடு சேர்ந்தோ வரலாம். மற்றவர்கள் அவருக்கு முன் நுழைய முடியாது. ஓரிரு மாதம் முன்னால் வந்து வீடு பார்த்து வைப்பது நல்ல ஏற்பாடு. நல்ல வேலை கிடைக்கும்வரை என்று காலத்தை நீட்டாதீர்கள். படித்த துறையில் வேலை கிடைக்க ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை குழந்தை ஓர் ஊரிலும் மனம் வைக்காமல் காத்துக்கொண்டிருக்கும்.

விண்ணப்பத்தில் குழந்தை

எல்லாக் குழந்தைகளின் பெயரையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். இப்போது உடன் வராத குழந்தையின் பெயரையும்தான். முதல் திருமணத்துக் குழந்தை, பாட்டியிடம் வளரும் குழந்தை என எவரையும் விட்டுவிடக் கூடாது. அறிவிக்காமல், மருத்துவப் பரிசோதனை செய்யாமல் விட்ட குழந்தையைப் பின்னாளில் குடும்ப உறவு என்று சொல்லி ஸ்பான்சர் செய்யும் வழி அடைபட்டுவிடும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது குழந்தை பிறந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். இந்த நூலில் நான் எழுதும் எச்சரிக்கைகளில் இதைவிடக் கடுமையானது இல்லை.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரியது. அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் நம் வழக்கத்தில், அப்பா செல்வத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தாத்தா பெயர் முருகன் இருக்கும். அம்மா, குழந்தை இருவரின் கட்டத்திலும் செல்வம் இருக்கும். கனடாவில் பள்ளி அலுவலகமோ விமான நிலைய அதிகாரியோ இதைப் பார்த்து, இவர் இந்தக் குழந்தைக்கு அப்பாதானா என்று கேட்பது இயல்பு. பிறப்புச் சான்றிதழைக் கையிலேயே வைத்திருங்கள், பெரிய பெட்டிக்குள் போடாதீர்கள். பழைய சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பு எடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருந்தால் கனடிய ஆவணங்களில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிடும். பள்ளிப் பதிவேட்டிலிருந்து மருத்துவ அட்டைவரை அந்தக் குழப்பம் தொடரும். ஊரில் இருக்கும்போதே திருத்துவது எளிது.

பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு குடியேறினால், மற்றவர் ஒப்புதல் தரும் ஐ.எம்.எம். 5604 என்ற உறுதிமொழிப் படிவம் தேவை. மணவிலக்கு ஆகியிருந்தால் குழந்தை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். அது பள்ளிக்கும் தேவைப்படும்.

தடுப்பூசி அட்டை

“எங்கள் பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது” என்று நம்பிக்கையோடு வருகிறவர்களுக்கு இங்கே ஓர் இடைஞ்சல் காத்திருக்கிறது. ஒன்டாரியோவில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான், போலியோ, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, மெனிங்கோகாக்கல் ஆகியவற்றுக்கும், 2010-லும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளானால் சின்னம்மைக்கும் தடுப்பூசி போட்டதற்கான பதிவு வேண்டும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசு அட்டவணைப்படி போடுவது எம்.ஆர்.; தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. பொன்னுக்கு வீங்கி அதில் சேரவில்லை. சின்னம்மை ஊசியும் அரசு அட்டவணையில் இல்லை. தனியார் குழந்தை மருத்துவரிடம் போட்டிருந்தால் பெரும்பாலும் எம்.எம்.ஆர். என்றிருக்கும். அட்டையை எடுத்து இந்த எழுத்துகளைப் பாருங்கள்.

விடுபட்ட ஊசிகளைக் கனடா வந்தபின் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பதிவு வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பட்டியல் வாங்குங்கள். ஊசியின் பெயர், போட்ட நாள், கையெழுத்து, முத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதச் சொல்லுங்கள். 04/07 என்பதை நாம் ஜூலை 4 என்று படிப்போம். இங்கே பலர் ஏப்ரல் 7 என்று படிப்பார்கள். ஒரு தவணை, உரிய வயதுக்கு முன்பே போட்டதாகக் கணக்காகி, மறுபடி ஊசி போடும்படி ஆகும். இந்தப் பதிவை உள்ளூர்ப் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது பெற்றோரின் பொறுப்பு; இங்குள்ள மருத்துவர் ஊசி போட்டால்கூட அவர் தாமாக அனுப்பிவிடுவார் என்று இருக்கக் கூடாது. பதிவு இல்லாத பிள்ளையை 20 பள்ளி நாட்கள் வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இன்னொன்று: ஊரில் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியால் காசநோய்த் தோல் பரிசோதனையில் வீக்கம் தெரியலாம். பரிசோதிக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டு முகவரிதான் பள்ளி

எந்தப் பள்ளி என்பதை உங்கள் வீட்டு முகவரியே முடிவு செய்கிறது. ஒவ்வொரு பொதுப் பள்ளிக்கும் எல்லை வரையறுத்திருக்கிறார்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் இன்னொன்று என்றுகூட இருக்கும். கட்டணம் கிடையாது. கத்தோலிக்கப் பள்ளிகளும் அரசுப் பணத்தில்தான் நடக்கின்றன. தொடக்க வகுப்புகளில் சேரக் குழந்தையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கராக இருக்க வேண்டும்.

டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நம்மவர்கள் முதலில் தங்குவது பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்டில். வாய்ப்பேச்சிலேயே வாடகை முடிவாகிவிடும். ஆனால் பள்ளியில் சேர்க்க முகவரிச் சான்று கேட்பார்கள். 2018 ஏப்ரல் 30 முதல் ஒன்டாரியோவில் பெரும்பாலான வாடகைகளுக்கு ஒரே மாதிரியான ஒப்பந்தப் படிவம் சட்டப்படி இருக்கிறது. அதை எழுதித் தரும் வீட்டையே எடுங்கள். கடைசி மாத வாடகை ஒன்றை மட்டுமே முன்பணமாகக் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. வேலைக் கடிதம் இல்லாத புதியவர்களிடம் ஆறு மாதம், ஓராண்டு வாடகையை மொத்தமாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதைக் கொடுத்துக் கையிருப்பைக் கரைத்துவிடாதீர்கள். குழந்தை இருக்கிறது என்பதற்காக வீடு மறுப்பது மனித உரிமைச் சட்டப்படி தவறு.

பள்ளி அலுவலகத்தில்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பள்ளி அலுவலகம் திறந்துவிடும். குழந்தையின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், சி.ஓ.பி.ஆர்., முகவரிச் சான்று, தடுப்பூசிப் பட்டியல் ஆகியவற்றோடு போங்கள். நம் ஊர் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துப் போங்கள்.

வகுப்பை மதிப்பெண் பார்த்து முடிவு செய்வதில்லை, பிறந்த ஆண்டைப் பார்க்கிறார்கள். 6 வயது ஆகும் ஆண்டின் செப்டம்பரில் முதலாம் வகுப்பு. 4 வயது ஆகும் ஆண்டில் ஜூனியர் கிண்டர்கார்டன். தமிழ்நாட்டில் 5 வயது முடிந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுவதால், ஆண்டின் முதல் பாதியில் பிறந்த பிள்ளைகள் இங்கே ஒரு வகுப்பு கீழே போவார்கள். 2018 மார்ச்சில் பிறந்த பிள்ளை ஊரில் 2024 ஜூனில் இரண்டாம் வகுப்பு. இங்கே அந்தச் செப்டம்பரில் முதலாம் வகுப்பு. “ஒரு வருஷம் வீணாகிறதே” என்று தலைமையாசிரியரிடம் வாதாடும் பெற்றோரைப் பார்க்கிறோம். வேண்டாம். தன் வயதொத்த பிள்ளைகளோடு, கொஞ்சம் தெரிந்த கணக்கோடு தொடங்கும் குழந்தைக்கு மொழியைக் கவனிக்க நேரம் கிடைக்கும். அந்த ஓராண்டு அதற்கு லாபம்தான்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: குழந்தையின் முதல் மொழி எது? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பல அப்பாக்கள் இங்கே தயங்குகிறார்கள். தமிழ் என்று எழுதினால் மட்டம் தட்டிவிடுவார்களோ என்ற பயத்தில், இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன்தானே என்று ஆங்கிலம் என எழுதிவிடுகிறார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் மொழித் தேவையை மதிப்பிட்டு, ஆங்கிலத்துக்குத் தனி உதவி தருவார்கள். அது தண்டனையும் அல்ல, பதிவேட்டில் ஏறும் குறையும் அல்ல. நம் ஊர் ஆங்கிலவழிப் பள்ளியில் புத்தகத்தை நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட, இங்கே ஆசிரியர் வேகமாகப் பேசும்போது முதலில் விழிக்கும்.

சில வாரங்களோ மாதங்களோ குழந்தை வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் வழக்கம்போல் பேசுகிறதா என்று மட்டும் பாருங்கள். டொரொன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் குடியேறிய பிள்ளைகளைப் பற்றிப் பல்லாண்டு ஆய்ந்தவர். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடப் புத்தகத்து ஆங்கிலம் சக மாணவர் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டாகும் என்பது அவர் எடுத்துக்காட்டியது. வீட்டு மொழியை விடாத பிள்ளைக்கு அந்த வலு ஆங்கிலத்துக்கும் உதவும் என்பதும் அவர் தொடர்ந்து சொல்லி வருவது. ஆகவே வந்த மறுநாளே வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். பெற்றோர் தட்டுத் தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தில் குழந்தைக்குப் பாடமும் கிடைப்பதில்லை, ஆறுதலும் கிடைப்பதில்லை. டொரொன்டோ பள்ளி வாரியம் நடத்தும் பன்னாட்டு மொழி வகுப்புகளில் தமிழ் உண்டு. பொது நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. இந்த ஊரில் தமிழை ஊன்றி வைத்தவர்கள் ஈழத்திலிருந்து வந்தவர்கள். “பிள்ளை எத்தினையாம் வகுப்பு?” என்று அக்கம்பக்கத்து அம்மா கேட்கும்போது அந்தத் தமிழுக்கும் குழந்தையின் காது பழகட்டும்.

சாப்பாட்டு டப்பாவும் பனிக்காலமும்

கிண்டர்கார்டன், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைவிட அவசரமானவை சில உண்டு. டப்பாவைத் தானே திறப்பது. ஊட்டிவிடாமல் தானே சாப்பிடுவது. கழிவறையில் தண்ணீர்க் குழாய் இல்லாமல் காகிதத்தால் துடைத்துக்கொள்வது. ஜிப் போடுவது. ‘வாஷ்ரூம் போக வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் கேட்பது. உணவு நேரம் அரை மணிக்கும் குறைவாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல யாருமில்லை. இதையெல்லாம் மே மாதமே ஊரில் பழக்கத் தொடங்குங்கள். சாம்பார் சாதத்தைச் சூடாக வைத்திருக்கும் சிறிய தெர்மாஸ் வாங்குங்கள். வேர்க்கடலை, முந்திரி சேர்த்த எதையும் அனுப்பும் முன் பள்ளியின் விதியைக் கேளுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகப் பெரும்பாலான பள்ளிகள் கடலையைத் தடுக்கின்றன.

குளிரிலும் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே அனுப்புவார்கள். கடுங்குளிர் நாட்களில்தான் உள்ளே வைத்திருப்பார்கள். ஜாக்கெட் மட்டும் வாங்கி அனுப்பும் பெற்றோரின் பிள்ளை, மற்றவர் பனியில் உருளும்போது சுவரோரம் நிற்கும். ஸ்னோ பேன்ட், நீர் புகாத பூட்ஸ், காதை மூடும் தொப்பி, விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் எல்லாம் வேண்டும். மிட்டன் இரண்டு ஜோடி, ஏனென்றால் ஒன்று ஈரமாகவே இருக்கும். போடும் வரிசை: முதலில் ஸ்னோ பேன்ட், பிறகு பூட்ஸ், தொப்பி, ஜாக்கெட், கடைசியில் மிட்டன். ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, அதன் தொப்பிப் பகுதி தன் கால் பக்கம் இருக்கும்படி குழந்தை நின்று, குனிந்து இரு கைகளையும் சட்டைக் கைக்குள் விட்டுத் தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டால் ஜாக்கெட் ஏறிவிடும். இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் ஜிப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அக்டோபரிலேயே வீட்டில் விளையாட்டுப்போல் பழக்குங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள்.

காரில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். 18 கிலோ எடையைத் தாண்டிய பிள்ளைக்கும், 8 வயதோ 36 கிலோவோ 145 சென்டிமீட்டர் உயரமோ எட்டும்வரை பூஸ்டர் இருக்கை வேண்டும். இந்தியாவிலிருந்து கொண்டுவரும் இருக்கை செல்லாது. கனடியப் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். விமான நிலையத்துக்கு அழைக்க வரும் நண்பரிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

பணமும் மருத்துவமும்

ஒன்டாரியோ மருத்துவக் காப்பீடான ஓஹிப்புக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. வந்த வாரமே சர்வீஸ் ஒன்டாரியோ அலுவலகத்தில் பதியுங்கள். தனியார் காப்பீடு இல்லாத 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பட்டியலிட்ட மருந்துகள் இலவசம். இரவில் காய்ச்சல் என்றால் 811-ஐ அழைத்துச் செவிலியரிடம் கேட்கலாம்.

குழந்தை நல உதவித்தொகைக்கு ஆர்.சி. 66 படிவத்தோடு, புதிதாக வந்தவர்களுக்கான இணைப்புப் படிவத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பி.ஆர். உள்ளவர்கள் வந்தவுடன் விண்ணப்பிக்கலாம். தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள் 18 மாதம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர், 6 முதல் 17 வயதுவரை 6,748 டாலர். வருமானம் கூடக் கூடத் தொகை குறையும். வழக்கமாக அம்மா பெயரில் வரும். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் இருவரும் ஆண்டுதோறும் ஏப்ரல் 30-க்குள் வரிக் கணக்குக் காட்ட வேண்டும். இல்லையேல் தொகை நின்றுவிடும்.

அடி

“அடியாத மாடு படியாது” என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஆசிரியர், மருத்துவர் எவராவது குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று சந்தேகித்தால் சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அது அவர்கள் மீதுள்ள சட்டக் கடமை. பெற்றோர் குழந்தையைக் கண்டிப்பது பற்றிய குற்றவியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவுக்கு 2004-இல் உச்ச நீதிமன்றம் இறுக்கமான எல்லைகளை வகுத்தது: பொருளால் அடிக்கக் கூடாது, தலையிலோ முகத்திலோ கை வைக்கக் கூடாது, 2 வயதுக்குக் கீழும் 12-க்கு மேலும் கூடவே கூடாது. சட்டத்தின் விளிம்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். புது ஊரில் குழந்தைக்குத் தெரிந்த முகங்கள் உங்கள் இருவருடையவை மட்டுமே. அந்த முகங்களைக் கண்டு அது பயப்படக் கூடாது.

பதின்வயதுப் பிள்ளை

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வருகிறவர்களுக்கு நிலைமை கடினம். உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெற 30 கிரெடிட், 40 மணி நேரச் சமூகப் பணி, எழுத்தறிவுத் தகுதி வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ஆண்டின் நடுவில் பிள்ளையைப் பெயர்த்து வராதீர்கள். தேர்வு முடிந்து, மதிப்பெண் சான்றிதழோடு வந்தால் அதற்கு ஈடான கிரெடிட் கணக்கிடுவார்கள். இந்த வயதுப் பிள்ளையிடம் முடிவைக் கடைசியில் அறிவிக்கக் கூடாது. விண்ணப்பிக்கும்போதே சொல்லுங்கள், கோபப்பட விடுங்கள், நண்பர்களோடு விடைபெற நாள் ஒதுக்குங்கள். தமிழை உயர்நிலைப் பள்ளியில் ஒரு கிரெடிட்டாகவே படிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

தாத்தா பாட்டியோடு பேச நேரம் குறித்து வையுங்கள். கோடையில் இங்கே காலை 8 மணி என்றால் ஊரில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் போதும்.

முதல் நவம்பர்

தொடக்கப் பள்ளிகளில் அக்டோபர் பின்பாதிக்கும் நவம்பர் பின்பாதிக்கும் இடையில் முதல் முன்னேற்ற அறிக்கை வரும், அதையொட்டி ஆசிரியரைச் சந்திக்க அழைப்பார்கள். மதிப்பெண் அதில் இருக்காது. இடைவேளையில் யாரோடு விளையாடுகிறாள், டப்பாவில் மிச்சம் வைக்கிறாளா, புரியாதபோது கேட்கிறாளா, இந்த மூன்றையும் கேளுங்கள். யாரோடும் விளையாடுவதில்லை என்று பதில் வந்தால், புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கென்று பல பள்ளிகளில் பணியாற்றும் உதவிப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே அலுவலகத்தில் கேளுங்கள். குழந்தையையே நடுவில் உட்கார வைத்து, அவளைப் பற்றி ஆசிரியர் சொல்வதை அவளையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.